கால்வாயில் கிடைத்த கொக்கு

சிற்பம் செய்கிறவன் கல்லுக்கு அலைந்தால் கலைஞன்; கால்வாயில் இறங்கி ஓட்டைக் குடைக்கு அலைந்தால் அவன் யார் என்று ஊரே ஆளுக்கொரு முடிவு செய்துகொள்ளும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட மற்ற பாவிகளுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

முட்டித் தண்ணீர்

எழுபதுகளில் நான் ஒரு கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மந்தைவெளிப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய்தான் கதி. பெரிய மழை அடித்து ஓய்ந்தால் கரையில் என்னவெல்லாம் ஒதுங்கும் தெரியுமா? குடைக்கம்பி, டார்ச் லைட், வளைந்த குழாய், எல்லாம் எனக்குப் புதையல். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் புதைந்திருந்த தையல் மெஷின் கால் ஒன்றை மிதிகட்டையோடு இழுத்துக்கொண்டிருந்தேன். நல்ல கனமான இரும்பு, வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு போலீஸ்காரர் வெகுநேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுச் சாமான் என்று ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனால் ஆபீஸில் என்ன சொல்வது? கடைசியில் அவரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, இதமாகச் சொன்னார்:

"வூட்ல இன்னா கஷ்டமோ, தெரியல. ஆனா இங்க முட்டி வரைக்கும்தான் தண்ணி கீது நைனா, மேல ஏறி வா."

வீட்டுச் சட்டம்

மயிலாப்பூரில் எங்கள் குடித்தனம். என் மனைவி பங்கஜம் அந்த இரும்பை வாசற்படி தாண்ட விடவில்லை. உடைந்த கொலு பொம்மை, பின்னமான சாமி படம், செத்தவர் படுத்த பாய் எல்லாவற்றையும் தண்ணீரில்தானே விடுகிறோம். விட்டது திரும்பி வந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, இரண்டு தடவை குளித்தேன்.

வெளியே கிணற்றடியிலேயே வைத்துத் தட்டிக் கொட்டி ஒரு கொக்கு செய்து முடித்தேன். குடைக்கம்பியில் சிறகு, குழாயில் கழுத்து, டார்ச் லைட் கண்ணாடியில் கண். மொத்த பாரமும் அந்த மெஷின் காலின் மேல்தான். பங்கஜம் தள்ளி நின்றே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா யாராத்துச் சாமானோ, கேட்டுண்டு வந்தா நான் பதில் சொல்லமாட்டேன்."

மோந்து பார்த்த தலைமையாசிரியை

கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆரம்பப் பள்ளியில் அதைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். நான் செய்த ஒரு பொருள் நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை. எப்படியாவது அது அங்கேயே நிலைக்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வமில்லை. தலைமையாசிரியை கொக்கைப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன், மோந்து பார்த்தார்.

"ஆண்டு விழா வரைக்கும் பார்ப்பேன். யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா இங்கேயே இருக்கட்டும். ஒரே ஒரு புகார் வந்தாலும் காயலான் கடைதான் சார்."

குடைக்கு உரியவர்

அன்று முதல் ஆபீஸ் விட்டதும் நேரே பள்ளி வாசல்தான். யார் நின்று பார்த்தாலும், புகார் சொல்லத்தான் போகிறார் என்று நானும் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். ஒரு நாள் ஒருவர் சுவருக்கு மேல் எட்டி, சிறகையே உற்றுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கம்பி நுனியில் இருந்த பித்தளைக் குமிழைக் காட்டி, "இது எங்காத்துக் குடைன்னா!" என்றார்.

போச்சுடா என்று ஆகிவிட்டது எனக்கு. கழற்றித் தந்துவிடுகிறேன், தலைமையாசிரியையிடம் மட்டும் போகாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைவிடப் பதறினார்.

"வேண்டவே வேண்டாம் ஸ்வாமி. மாமனார் கொடுத்த குடை, அதைத் தொலைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

தனபாக்கியம்

பள்ளி வாசலில் இலந்தைப்பழமும் மாங்காய்ப் பத்தையும் விற்றவள் தனபாக்கியம். எல்லோரும் கொக்கின் மூஞ்சியைப் பார்த்தால், இவள் மட்டும் அதன் காலையே பார்ப்பாள். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு பாதத்தைத் தூக்கி மிதிகட்டை மேல் வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். கால்வாய்க் கரையில் அவள் குடிசை. ரவிக்கை தைத்துப் பிழைத்தவள். மழை வெள்ளத்தில் சுவரோடு மெஷினும் போய்விட்டது. புதையல் என்று நான் குதித்துக்கொண்டு இழுத்தது அவள் சோற்றை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலைக் கழற்றினால் கொக்கு விழும், கழற்றாவிட்டால் நான் மனுஷனே இல்லை. "நாளைக்கே கழற்றித் தந்துவிடுகிறேன் அம்மா" என்றேன். அவள் பாதத்தை எடுத்துக்கொண்டாள்.

"வெறுங்கால வச்சிக்கினு நான் இன்னா பண்றது சார்? கொக்கு நிக்கட்டும். நீதான் ஓயாம தண்ணில எறங்கிக்கினு கீறியே, மெஷினு தலை கெடச்சா எடுத்தாந்து குடு."

புகார் சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் சொல்லாமல் விட்டதால் கொக்கு அங்கேயே நிலைத்துவிட்டது. நான்தான் ஒவ்வொரு மழைக்கும், சிற்பத்துக்குச் சாமான் பொறுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்த மெஷின் தலையைத் தேடி முட்டித் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறேன்.