பதினொரு விசிறிகள்

‘கார்த்திகை 9, செவ்வாய். வெப்பம் 24. உப்பு சரி. மீன் இரண்டும் நலம். நத்தை இரண்டும் இறப்பு. குழல்புழு: பதினொன்று இருந்தது, இன்று ஒன்றும் இல்லை.’

என் தொட்டிக் குறிப்பேட்டில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. ஊரில் தம்பி மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் போய்விட்டுத் திரும்பிய அன்று, பையைக்கூட இறக்கி வைக்காமல் எழுதியது.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தோட்டக்கலை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாற்றலாகி, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் மலைமேல் வாழவந்தி நாட்டுக்கு வந்து, மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவின் வீட்டில் முன்பக்க அறையில் குடியிருக்கிறேன். ஆனி மாதத்தில் அந்த அறையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தேன். ஊற்றுத் தண்ணீரில் பொட்டலத்துக் கடலுப்பை லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் கரைத்தேன். நம் கடலில் பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், சேலத்து மீன்கடையில் மாதக்கணக்காகக் கடல்நீரில் ஊறிக் கிடந்த சுட்டமண் பாறை ஒன்றையும், இரண்டு மீன்களையும் இரண்டு நத்தைகளையும் வாங்கி வந்தேன்.

வீட்டுக்கார அக்கா முதல் நாளே வாசலில் நின்று சிரித்தார்.

“ஏனுங்க சார், கடலு எழுவது வளவும் ஏறி வந்துருச்சுங்களா? வாந்தி கீந்தி எடுக்கலீங்களே?”

“நான்தான் எடுத்தேன் அக்கா.”

“அதுக்கு நம்ம கடையில கல்லுப்பு இல்லாமப் போச்சுங்களா?”

கல்லுப்பில் கடலின் மற்ற சத்துகள் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மலை உயரத்தில் தண்ணீர் சமவெளியைவிடக் குறைவாகவே காற்றைப் பிடித்துக்கொள்ளும். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. வடிகட்டியிலிருந்து நீர் திரும்பி விழும் குழாயை உயர்த்தி, மேற்பரப்பு உடைந்து அலைபாயும்படி மாற்றினேன். குளிருக்கு ஒரு சூடேற்றி. மின்சாரம் போனால் ஓட பேட்டரி வைத்த காற்றுக்குழாய்.

ஆவணியில் ஒரு மாலை, பாறையின் மேல் கேழ்வரகு மணியளவு ஏதோ அசைந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மயிரிழை போன்ற நூல்கள் வட்டமாக விரிந்த ஒரு விசிறி. என் நிழல் பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கே ஒரு சின்னக் குழல் மட்டும் நின்றது. நான் அதை வாங்கவில்லை. யாரும் அதை விடவில்லை. பாறையின் ஏதோ துளையில் ஒளிந்து, பஸ்ஸில் என் மடியில் மலையேறி வந்திருக்கிறது. ஐப்பசிக்குள் பதினொன்று ஆயின.

அதன் பிறகு அக்கா தினமும் ஐந்து மணிக்கு வந்துவிடுவார். கடலை அவர் பார்த்ததில்லை. முழங்காலில் கையூன்றிக் குனிந்து, குரலை அடக்கிக்கொண்டு, “வெளிய வா கண்ணு, நாந்தான் சாமி” என்பார். விசிறிகள் ஒவ்வொன்றாக விரியும். சில நாள் நாங்கள் இருவரும் இருட்டும்வரை நின்றிருக்கிறோம்.

ஊருக்குப் போகும்போது தொட்டியை அவரிடம்தான் ஒப்படைத்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே கண்ணாடியில் போட்ட கோடுவரை வெறும் ஊற்றுத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றேன். அதற்கென ஒரு பிளாஸ்டிக் கேனும் வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பிய அன்று கேன் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. சேலத்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“மீனு நல்லாருக்குது, நத்தையும் புழுவும் மட்டும் போச்சுன்னா, செம்பு ஏதாச்சும் பட்டுச்சா சார்? அதுங்களுக்கு அது வெஷம்.”

அக்காவிடம் கேட்டேன்.

“பிளாஸ்டிக்குத் தண்ணி ஒடம்புக்கு ஆகாதுன்னு டிவியில சொன்னாங்களே. நாங்க குடிக்கற மாதிரியே செப்புக் கொடத்துல ராத்திரி ஊத்தி வெச்சு, விடிஞ்சதும் ஊத்துனனுங்க. புளி போட்டு வெளக்குன கொடமுங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நான் ஊத்துனதுலதான் செத்துப் போச்சுங்களா?”

“தெரியலக்கா” என்றேன்.

அன்றிலிருந்து ஐந்து மணிக்கு அவர் வரவில்லை. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசி நீரை மாற்றினேன். நச்சை ஈர்க்கும் கரிப் பையைக் கடைக்காரர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். குறிப்பேட்டில் தினமும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினேன். நீர் மாற்றும் நாளில் மட்டும், ஊற்றுத் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் கேன் விடிவதற்குள் என் வாசலில் இருக்கும். வைத்தவரைக் காண முடியாது.

கார்த்திகை 27 அன்று அலுவலகத்திலிருந்து வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. அக்கா தொட்டியின் முன் குனிந்திருந்தார். வாசலிலேயே கிடந்த கேனை உள்ளே வைக்க வந்தாராம். கையை மட்டும் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினார்.

“நெழலு உழுவுதுங்க. நில்லுங்க.”

பழைய குழல் ஒன்றின் வாயில், முன்னதைவிடச் சிறியதாக, கண்ணாடிபோல் நிறமே இல்லாத ஒரு விசிறி. இவ்வகைப் புழுக்கள் ஆபத்து வந்தால் விசிறியை உதிர்த்துவிட்டு, குழலுக்குள் காத்திருந்து, புதிதாக வளர்த்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு. பதினெட்டு நாள் இருட்டில் ஒரு மயிரிழைப் பிராணி தன்னை மறுபடி செய்துகொண்டிருந்த இடத்தைத்தான் நான் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதி வந்திருக்கிறேன்.

“அந்தாண்ட இன்னொண்ணு” என்றார் அக்கா. மார்கழி முடிவதற்குள் ஏழு எண்ணினோம். மற்ற நான்கு குழல்களும் இன்றுவரை மூடியே இருக்கின்றன.

செம்பைக் கண்டறியும் சோதனை மருந்து கடைக்காரரிடம் அப்போது இல்லை. அது வந்து சேர்வதற்குள் பழைய நீர் ஏறக்குறைய முழுவதும் மாறிவிட்டது. ஆகையால் கார்த்திகை 9-ஆம் பக்கத்தின் ஓரத்தில் பிற்பாடு எழுதிய வரி இப்படியே நிற்கிறது: ‘காரணம் செப்புக் குடமாக இருக்கலாம். சோதிக்கப்படவில்லை, உறுதியில்லை.’