அபு மலையில் எங்கள் ஒட்டகம்

மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த ஜீப் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. என்னை உள்ளே தள்ளிவிட்டு, உம்மாவையும் அண்ணனையும் கூப்பிடத் திரும்பிய வாப்பா, மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். நிமிர்ந்தபோது ஜீப் வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அதனால்தான் அந்த நேரம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. யாராவது பேச்சுவாக்கில் ஆறு ஐந்து என்றால் போதும், உம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

போன வாரம் என் மகள் தோழிகளோடு லோனாவலா போனவள், சாயங்காலம் முழுவதும் போனை எடுக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, சார்ஜ் தீர்ந்திருந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். எங்கள் நெருள் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அங்கே நிற்கும்போது மகளை நினைத்ததைவிட வாப்பாவைத்தான் அதிகம் நினைத்தேன்.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். கீழே ஒரே அறையில் வீடு. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வாப்பாவின் கார்கானா. நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து தோல்பை தைப்பார்கள். பைகளை மொத்தமாக எடுக்கிற பார்ட்டி ஒருவர் ராஜஸ்தானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பையின் முகப்பிலும் ஓர் ஒட்டகம் பதித்திருக்கும். அந்தப் பித்தளை அச்சு ஒருமுறை ஏணியிலிருந்து உருண்டு விழுந்ததில், ஒட்டகத்தின் பின்னங்கால் ஒன்று மழுங்கிப்போனது. புது அச்சு வெட்ட வேண்டும் என்று வாப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், வெட்டவில்லை. பார்ட்டியும் குறை சொல்லவில்லை. எனவே எங்கள் ஒட்டகங்கள் எல்லாமே லேசாக நொண்டிக்கொண்டுதான் ராஜஸ்தான் போய்ச்சேர்ந்தன. வாப்பா அதுவரை உயிருள்ள ஒட்டகத்தை ஜுஹு கடற்கரையில்தான் பார்த்திருந்தார்.

அந்த வருடம் தீபாவளி ஆர்டர் முடிந்து கார்கானா ஓய்ந்திருந்தது. வாப்பாவுக்கு ஓர் ஆசை. தன் பைகள் எந்தக் கடையில் தொங்குகின்றன, யார் வாங்குகிறார்கள் என்று ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். அப்படித்தான் நாங்கள் நால்வரும் அகமதாபாத் தாண்டி ரயிலில் போய், பாலைவனக் காட்டுக்கு நடுவே தனியாக எழும்பி நிற்கிற அபு மலைக்கு ஏறினோம். என் வகுப்பில் யாரும் மலை ஊர் பார்த்ததில்லை. நான் பள்ளியில் இதைச் சொன்னபோது டீச்சர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மலையில் நாங்கள் நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. காலையில் ஏரியைச் சுற்றி நடை. பிறகு ஏரிக்கு மேலே தவளை மாதிரி குந்தியிருக்கிற பாறைக்கு ஏறும் படிகள். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீரும் ஈச்சமரங்களும், மறுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை காய்ந்துபோன பழுப்பு நிலம். தாராவியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பத்தடியில் ஒரு சுவர் வந்துவிடும். இவ்வளவு தூரம் பார்ப்பதற்கு எங்கள் கண்களுக்குப் பழக்கமில்லை. உம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

எங்கே நடந்தாலும் வாப்பா கடைத்தெரு வழியாகத்தான் கூட்டிப்போவார். முதல் நாளே பார்த்துவிட்டோம். ஒரு கடை வாசலில் கொத்தாக எங்கள் பைகள். மேலே அட்டையில் இந்தியில், இந்த மலைக் கிராமத்துப் பெண்கள் கையால் தைத்தது என்று எழுதியிருந்தது. வாப்பா நடையைக் குறைத்தார். முகம் கல்யாண மாப்பிள்ளை போல ஆகிவிட்டது.

"ஏளா, அங்க பாரு. பாக்காத மாதிரி பாரு" என்றார் என்னிடம்.

அண்ணன் என் காதருகே குனிந்து, "வாப்பாவப் பாத்தா உனக்குக் கிராமத்துப் பொம்பள மாதிரியா இருக்கு?" என்றான். நான் சிரித்துவிட்டேன். வாப்பா கடைக்குள் போய், இதெல்லாம் நான் செய்தது என்று சொல்லுவார், கடைக்காரர் எழுந்து கைகொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போகவே இல்லை. அடுத்த கடையிலும் இப்படித்தான், அதற்கடுத்த கடையிலும் இப்படித்தான். பக்கத்தில் போவார், விரலால் ஒரு பையைத் திருப்பிப் பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார். வாப்பாவுக்குக் கூச்சம் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன். எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. வாய்ப்புக் கிடைத்தால் அவருக்காக நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்கிற இடத்துக்குப் போனோம். குஜராத்திக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் பாறைகளில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தன. கீழே சமவெளியில் ஒரு மரம்கூடத் தனியாகத் தெரியவில்லை. சூரியன் அந்தப் புழுதிக்குள் மெல்லக் கரைந்ததும், கூட்டம் மொத்தமும் எழுந்து வாடகை ஜீப்புகளை நோக்கி ஓடியது.

அங்கேதான் நாங்கள் பம்பாய்க்காரர்கள் என்பதைக் காட்டினோம். எங்கள் குடும்பத்தில் சீட் பிடிப்பது என் வேலை. அம்பர்நாத்தில் இருந்த வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், தாதரில் ரயில் நிற்கும் முன்பே வாப்பா என்னைத் தூக்கி உள்ளே விட்டுவிடுவார். நான் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து, துப்பட்டாவை நீளமாக விரித்து, நாலு பேர் இடத்தில் கையைப் பரப்பி உட்கார்ந்துவிடுவேன். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "ஆ ரஹே ஹைன்." வருகிறார்கள். எங்கள் சந்திலேயே என்னைப் போல் சீட் பிடிக்கிற பிள்ளை கிடையாது என்று வாப்பா எல்லோரிடமும் சொல்லுவார்.

எனவே மலையிலும் அதையே செய்தோம். வாப்பா பின்பக்கத் திரையைத் தூக்கி என்னை உள்ளே விட்டார். நான் துப்பட்டாவை விரித்தேன். அந்த ஜீப் ஊருக்குள் போகவில்லை, மலையடிவார ரயில் நிலையத்துக்குப் போகிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு பெரிய குடும்பம் என் துப்பட்டாவின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஓட்டுநர் நான் அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்தார். அவர்கள் நான் ஓட்டுநரின் பிள்ளை என்று நினைத்தார்கள். வண்டி நகர்ந்தது. திரை இடுக்கில், பின் ஏணியில் தொற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. வாப்பாவும் அன்று வெள்ளைச் சட்டைதான். இடமில்லாவிட்டால் ஆண்கள் வெளியே தொங்கிக்கொண்டு வருவதுதானே வழக்கம். உம்மாவும் அண்ணனும் முன்னால் ஏறியிருப்பார்கள் என்று நிம்மதியாக உட்கார்ந்துகொண்டேன்.

இத்தனை வருடம் கழித்தும் சொல்கிறேன், அந்தப் பயணம் அழகாக இருந்தது. வண்டி ஒவ்வொரு வளைவிலும் மலையை ஒருமுறை காட்டும், பாலைவனத்தை ஒருமுறை காட்டும். நிலம் பழுப்பிலிருந்து ஊதாவாக மாறியது. குரங்குகள் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. கீழே தூரத்தில் ஒரு ரயில் வெளிச்சமாக ஊர்ந்து போனது. அதே நேரத்தில் மேலே உம்மா பாறை பாறையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்தில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஏணியிலிருந்து வெள்ளைச் சட்டையும் இறங்கியது. அது தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவர். வாப்பா இல்லை. ஆனாலும் நான் எழவில்லை. சீட் பிடித்தவள் எழக் கூடாது. ஓட்டுநர் திரையைத் தூக்கி, இறங்கு பாப்பா என்றார். ஆ ரஹே ஹைன் என்றேன். யார் வருகிறார்கள் என்றார். எல்லோரும் என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு மேலே போகிற பால் வண்டிக்காரரை நிறுத்தி, இப்படி ஒரு பிள்ளை இங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

அப்போதுதான் சாலைக்கு எதிரே பார்த்தேன். ஒரு சின்னக் கடை. வாசல் விளக்கின் கீழ் பைகள். பையில் ஒட்டகம். அதன் பின்னங்கால் மழுங்கியிருந்தது.

நேராகப் போய் அந்தப் பைகளின் கீழே உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் எனக்குப் பயமே இல்லை. கடைக்காரர் வயதான சேட். ஓட்டுநர் விவரம் சொன்னதும், தன் சால்வையை எடுத்து என்னைச் சுற்றிப் போர்த்தினார். சூடான பாலும் பன்னும் வாங்கித் தந்தார். வாடிக்கையாளரைக் கவனித்தபடியே, ஒவ்வொரு ஜீப் வரும்போதும் வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தார்.

வெகுநேரம் கழித்து ரயிலுக்குக் காத்திருந்த ஒரு கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். அந்த அம்மாள் உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பைகளாகவே பார்த்துப் பொறுக்கி அடுக்கினார். இதெல்லாம் இங்கே பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் செய்வது என்று சேட் சொன்னார். மூன்று நாளாகக் காத்திருந்த வாய்ப்பு. நான் எழுந்து, நல்ல இந்தியில், தெளிவாகச் சொன்னேன். இதெல்லாம் என் வாப்பா செய்தது. தாராவியில் எங்கள் வீட்டு மாடியில். அடையாளம் வேண்டுமென்றால் ஒட்டகத்தின் காலைப் பாருங்கள்.

அந்த அம்மாள் ஒரு பையின் காலைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர்கள் காட்கோபர்க்காரர்கள். தாராவி அவர்கள் வீட்டிலிருந்து சில ஸ்டேஷன்தான். கணவர் சிரிக்கத் தொடங்கினார், மனைவி சிரிக்கவில்லை. அடுக்கிய பைகளைக் கீழே வைத்துவிட்டார். சேட் என்னைத் திட்டவில்லை. சால்வை என் தோளிலிருந்து நழுவியிருந்தது; அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நிற்கும் முன்பே வாப்பா குதித்துவிட்டார். பின்னால் உம்மாவை அண்ணன் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். வாப்பா உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் சில்லென்றிருந்தன, பிடி வலித்தது. சேட் கும்பிட்டு, பிள்ளை பால் குடித்துவிட்டது, அழவே இல்லை என்றார். அதைக் கேட்டு வாப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த அம்மாள் விடவில்லை. ஒரு பையை எடுத்து நீட்டி, உங்கள் மகள் சொல்வது உண்மையா, இதை நீங்கள்தான் செய்தீர்களா என்று கேட்டார்.

வாப்பா ஒரு கையால் பையை வாங்கினார். மறுகை என்னை விடவில்லை. தையல் ஓடிய விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மழுங்கிய காலில் விரல் நின்றது. பிறகு பையைப் பார்த்தார், என் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தார், சேட்டைப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். இப்போது சொல்லிவிடுவார், எல்லோரும் கேட்கப்போகிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் சொன்னதற்காக, பம்பாய் வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை. தன் பிள்ளையைக் காத்து வைத்திருந்த மனிதருக்கு அந்த நிமிடத்தில் அவரால் வேறு எதைக் கொடுத்திருக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது. தன் கை வேலையை ஒரு மனிதன் இப்படியும் மெச்சிக்கொள்ளலாம் என்பதும் தெரியாது. வாப்பா பையை அந்த அம்மாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் தாராவி இந்தியில் மெதுவாகச் சொன்னார்:

"இல்லம்மா, பிள்ளை தெரியாமச் சொல்லுது. எங்க கைக்கு இவ்வளவு சுத்தமான வேலை வராது."