ஆறட்டும்காரர்

வணக்கம் சொல்வதற்கு முன்பே அவருடைய வலது கை வண்டியின் மேல் போய்விடும். உள்ளங்கை அல்ல, புறங்கை. டிராக்டரின் இன்ஜினில் அதை வைத்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடுவார். சில்லென்று இருந்தால் முகம் மலர்ந்து, "அப்புறம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விற்கிறவர் பக்கம் திரும்புவார். லேசாக வெதுவெதுத்தாலும் போச்சு. உட்கார ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். கவிழ்த்த வாளி, பழைய டயர், எதுவானாலும் அவருக்குச் சிம்மாசனம்தான். உட்கார்ந்துகொண்டு ஒரே வார்த்தை சொல்வார்: "ஆறட்டும்."

அதுவே பெயராக நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட 'ஆறட்டும்காரர் வீடு எது?' என்றுதான் விசாரிக்கிறார். காரணம் எளியது. ஓடி ஓய்ந்த இன்ஜின்கூட ஒரு முறை சூடாகிவிட்டால் அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். விற்க நினைப்பவர்கள், ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல நிற்பார்கள். அதை அவர் திட்டுவதில்லை. உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். ஒருவர் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இன்ஜின் மேல் ஊற்றினார். "குளிப்பாட்டினா ஆறாதுங்க" என்று இவர் சொல்லிவிட்டு மேலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

முன்பு மெக்கானிக்காக இருந்தவர். இப்போது பார்த்துச் சொல்வது மட்டுமே வேலை. பழைய டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் அழைத்துப் போவார்கள். "சரி" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். விற்கிறவர்களிடம் ஒரு டீ மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பார். அந்த டீயும் சும்மா இல்லை. கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார். ஊதி ஊதி, உதட்டில் பட்டும் படாமலும் அவர் குடிக்கிற அழகைப் பார்த்தால் உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் என்று தோன்றும். கண் மட்டும் கலப்பையை விட்டு நகராது. டீ முடிவதற்குள் கலப்பை கீழே இறங்கினால் அதைத் தூக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக்கில் கசிவு என்று அர்த்தம். விஷயம் தெரிந்த சிலர் அரை டம்ளர் டீ கொடுத்துப் பார்த்தார்கள். குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, இன்னொண்ணு" என்றார்.

போகிற இடமெல்லாம் அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: பழைய வண்டிகளில் எது நம்பகமானது? பல் டாக்டர், அவர் வாயைத் திறந்து வைத்து, பல் பிடுங்கும் இடுக்கியை உள்ளே விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறார். இடுக்கி வெளியே வந்ததும் ரத்தம் துப்புவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது: "மூணு சிலிண்டர். நிதானமா சுத்துற இன்ஜின். வயர் கம்மி. வருஷக்கணக்கா மாடல் மாத்தாம ஒரே மாதிரி போட்டானுங்களே, அது. நடு வயல்ல நின்னாலும் பக்கத்துக் கடையில பார்ட்ஸ் கிடைக்கும்."

மற்றவற்றின் மேல் அவருக்குப் பகை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறார். ரெண்டு சிலிண்டர்: "வண்டி சாகாது, ஓட்டுறவன் இடுப்புதான் போகும்." நாலு சிலிண்டர்: "ராஜா மாதிரி இழுக்கும், ராஜா மாதிரி குடிக்கும்." சென்சார் வைத்த புதுசு: "தங்கமான வண்டி. கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ண கம்பெனி ஆளு வரணும்." ஆனால் மூன்று சிலிண்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து நின்றுவிடுவார். இத்தனை பேசுகிறவருடைய ஸ்கூட்டர், பத்துப் பதினைந்து உதை வாங்காமல் கிளம்பாது. அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. "எல்லாரும் வண்டி எப்படிக் கிளம்புதுன்னு பார்ப்பாங்க. நான் எப்படி நிக்குதுன்னு பார்ப்பேன்" என்பார். உள்ளே தேயாத இன்ஜினை அணைத்தால் ஒரு குலுக்குக் குலுக்கிச் சட்டென்று நின்றுவிடும். தேய்ந்தது, போகவா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே ஓயும். அந்தக் கடைசிக் குலுக்கலை அவர் பாட்டுக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

இவ்வளவு உறுதியான மனிதருக்கும் சென்ற உழவுப் பருவத்தில் ஒரு சோதனை வந்தது. விற்கிறவர் அவருடைய மனைவியின் தம்பி. வண்டி, அவர் ஊரெல்லாம் புகழ்கிற அதே மூன்று சிலிண்டர். வாங்குகிறவர், குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிற ஒரு பெண். விலையெல்லாம் பேசி முடித்தாயிற்று. ஆறட்டும்காரர் வந்து பார்த்து "சரி" என்றால் வண்டி அந்தப் பெண்ணுடையது என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வாசலுக்கு வந்து நின்றார்.

"என் தம்பி வண்டி. ஞாபகம் இருக்கட்டும். முட்டி வலியோட கிளட்ச் மிதிச்சு அவன் படாத பாடு படுறான். எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துட்டு இந்தப் படி ஏறாதீங்க."

"வண்டி நல்லா இருந்தா நான் என்ன சொல்லப்போறேன்?"

"நல்லா இல்லைன்னாலும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

கொட்டகையில் மைத்துனர் சாவியும் கையுமாக நின்றிருந்தார். "வாங்க மாமா. ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா? தொட்டா போதும், கிளம்பிடும்." அவர் இன்ஜின் மேல் புறங்கையை வைத்தார். வெதுவெதுப்பு இல்லை, நல்ல சூடு.

"காலையில எங்கயாவது ஓட்டிட்டு வந்தியா மாப்ள?"

"இல்லையே. வெயில்ல நின்னது மாமா, அதான்."

"வெயில் மேல படும். இது உள்ளேருந்து வருது." டயர் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆறட்டும்."

மற்றவர்கள் செய்தால் அவருக்குச் சிரிப்பு வரும். மைத்துனர் செய்தது வலித்தது. இன்ஜின் போயிருக்கிறது, அதை மறைக்கிறான் என்றுதான் அவர் முடிவுகட்டினார். எதிரே அந்தப் பெண், கைப்பையை மடியில் அணைத்தபடி, மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். பொழுது போக அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"வாடகை வண்டி எப்பவும் பெரிய நிலத்துக்குத்தாங்க முதல்ல போகும். எல்லாரும் உழுது முடிச்ச பிறகுதான் என் வயலுக்கு வரும். அதுக்குள்ள மழை ஈரம் போயிடும். போன வருஷம் விதைச்சதுல பாதி முளைக்கவே இல்லை. இந்த வருஷமும் அப்படின்னா நிலத்தைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்."

அவர் தலையாட்டினார். வண்டி மோசமென்றால் இவளிடம் "வேண்டாம்" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் வீட்டுப் படி ஏற முடியாது. இரண்டையும் நினைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்காக உச்சி வெயில் வரை உட்கார்ந்திருந்தார். மைத்துனர் சாப்பிடக் கூப்பிட்டார், உலக நடப்பைப் பேசினார், கடைசியில் பேச ஒன்றுமில்லாமல் பக்கத்தில் இருந்த கோழியை விரட்டினார்.

இன்ஜின் ஆறியதும் சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, கிளம்பவில்லை. மறுபடியும் அப்படியே. பெண்ணின் முகம் வாடிவிட்டது. மைத்துனர் தரையைப் பார்த்தார். புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்த ஆறட்டும்காரர் மட்டும் எழுந்தார்.

"நிறுத்து. புகையே வரலையே."

புகை விட்டுக்கொண்டு கிளம்பாமல் இருந்தால் இன்ஜினைச் சந்தேகிக்கலாம். புகையே இல்லை என்றால் டீசலே உள்ளே போகவில்லை. அவர் டீசல் ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது. எங்கிருந்தோ காற்று புகுகிறது. நுரை நின்று டீசல் சுத்தமாக வந்த பிறகு சாவியைத் திருப்பினார்கள், கிளம்பியது. அணைக்கச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தார். ஒரே குலுக்கல், சட்டென்று நின்றது. அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்குடா மாப்ள."

ஃபில்டரில் குழாய் சேரும் இடத்தில் இருந்த வாஷர் நசுங்கியிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மிட்டாய் டப்பாவைத் திறந்து, அதிலிருந்து ஒரு செம்பு வாஷரை எடுத்துப் போட்டு முடுக்கினார். வண்டி நிற்கும்போது காற்று புகும், டீசல் பின்வாங்கும். ஓட்டி அணைத்த கொஞ்ச நேரத்துக்குள் சாவியைத் திருப்பினால் ஒழுங்காகக் கிளம்பும். விஷயம் அவ்வளவுதான்.

மைத்துனர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்ஜின் போச்சுன்னு ரெண்டு வருஷமா தூக்கம் இல்லாம கிடக்கேன் மாமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

"எப்படிக் கேக்கறது? இந்த வண்டி கெடவே கெடாதுன்னு நீங்க பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கீங்க. அதையே நான் கெடுத்துட்டேன்னு உங்க முன்னாடி வந்து எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

ஆறட்டும்காரர் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் டயரில் போய் உட்கார்ந்தார். "ஆறட்டும்" என்றார். வாஷர் வேலை செய்கிறதா என்று நின்ற வண்டியில்தானே தெரியும்? நடுவில் டீ வந்தது, கலப்பை இறங்கவில்லை.

சாயங்காலம் இன்ஜினில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மைத்துனர் சாவியைத் திருப்பிய உடனே வண்டி கிளம்பியது. ஆனால் மைத்துனர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இப்படிக் கிளம்பும்னா நான் எதுக்கு விக்கணும்?"

"முட்டி வலி?"

"முட்டி என்ன முட்டி. தைலம் தேய்ச்சா சரியாப் போகுது. நீங்க இன்னும் 'சரி'ன்னு சொல்லலையே மாமா. சொல்லாம விட்டுடுங்க. அக்காவும் சந்தோஷப்படுவா."

அந்தப் பெண் கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அவர் வண்டியின் அருகே போய்த் தாமே இன்ஜினை அணைத்தார். குலுக்கலைக் கேட்டார்.

"காலையில சூடு பண்ணி வச்சப்பவே நீ இதை வித்தாச்சு மாப்ள. கெட்ட வண்டின்னு நெனைச்சு இவங்க தலையில கட்டப் பார்த்தே. இப்ப நல்ல வண்டின்னதும் நீயே வச்சுக்கிறேங்கிறே. அது நியாயம் இல்லை." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "சரி" என்றார்.

மைத்துனர் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க" என்றார்.

"சொல்லிக்கிறேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். "மேட்டு வயல்லகூட இன்னும் ஈரம் இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள். சத்தம் தேயும் வரை அவர் நின்று கேட்டார். அப்புறம் ஸ்கூட்டரை உதைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போட்டிருந்தது. தம்பி போனில் எல்லாம் சொல்லிவிட்டிருந்தான் என்பது வாசலிலேயே தெரிந்தது. மனைவி கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், திரும்பவில்லை. அவர் படியேறி உள்ளே போனார், கையைத் தேய்த்துக் கழுவினார், நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தின் மேல் புறங்கையை வைத்தார்.

சில்லென்று இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தார். காலையில் வைத்தது அப்படியே இருந்தது, அந்த அம்மாளும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவினார்.