நாற்பது வீடும் நாலு கையெழுத்தும்

கவுன்சிலின் திட்டமிடல் பிரிவுக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. வேண்டாம் என்பவர்கள் மட்டுமே தபால் முத்திரை வாங்கி ஒட்டுகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் கோபத்தைக் கோப்பில் போடும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். எண்பதுகளின் கடைசியில் தென் லண்டனில் ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலில் நான் கிளார்க். கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு புல்வெளியில், வீடில்லாமல் காத்திருப்பவர்களுக்காக நாற்பது வீடு கட்டும் திட்டம் வந்தது. தெருக் கம்பங்களில் நோட்டீஸ் கட்டுவதும் வருகிற எதிர்ப்பைச் சரிபார்ப்பதும் என் தலையில் விழுந்தன.

குடை பிடித்தவர்

நோட்டீஸ் கட்டப் போன அன்று நல்ல மழை. ஒரு கையில் நோட்டீஸ், மறு கையில் நூல். குடைக்குக் கை இல்லை. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். மிஸிஸ் ஹாட்கின்ஸ்; புல்வெளிக்கு எதிர்வீடு, தனி ஆள். நான் விளக்குக் கம்பத்தில் முடிச்சுப் போடும்வரை பொறுமையாக நின்று, நோட்டீஸை ஒரு வரி விடாமல் வாசித்தார். நன்றி சொன்னேன்.

"பரவாயில்லை, நனையாமல் கட்டிவிட்டீர்கள். நீங்கள் தெருமுனை தாண்டியதும் நான் அதை அறுத்துவிடுவேன்."

பெயர் வேண்டாம்

திருச்செல்வம் அண்ணை எழுபதுகளில் இலங்கையிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேரூன்றியவர். அவர் வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் அந்தப் புல்வெளிதான். கவுண்டருக்கு வந்தவர், என் வெள்ளைக்காரச் சகாக்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் உரக்கவே எதிர்ப்புத் தெரிவித்தார். பெயரும் விலாசமும் இல்லாத எதிர்ப்பு செல்லாது என்றேன். அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"தம்பி, எதிர்ப்பை எழுதும், பேரை மட்டும் விடும். வீடு கேக்கிறதும் எங்கடை சனம்தானே, வெள்ளிக்கிழமை கோயிலிலை அவையின்ரை முகத்திலை முழிக்க வேணுமெல்லே?"

கட்டிலில் இருந்த விருந்தாளி

மிஸிஸ் ஹாட்கின்ஸ் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, ஒரு கட்டு மனுவைக் கொண்டுவந்து கொடுத்தார். விலாசங்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அதே தெருவில் ஒரு விடுதி, நாலாம் அறை, சிவகௌரி, அவர் கணவர், இரண்டு பிள்ளைகள். நாலு பெயரும் ஒரே கையெழுத்து.

அகதிகளாக வந்த அந்தக் குடும்பத்தைக் கவுன்சில்தான் அந்த ஒற்றை அறையில் வைத்திருந்தது. நாற்பதில் ஒரு வீடு அவர்களுக்கு என்று ஹவுசிங் பிரிவில் சொன்னபோது மொழிபெயர்த்தவன் நான். சிவகௌரி கவுண்டரிலேயே அழுதார். இப்போது தன் வீட்டையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணை, பதினாலு மாசத்திலை எங்கடை அறைக்கு வந்த முதல் ஆள் அவதான். கதிரை இல்லை, கட்டிலிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவ. அவ நீட்டின பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிச்சுப் பாத்தால், நம்பாத மாதிரியெல்லே இருக்கும்?"

நாலு கோடுகள்

கையெழுத்தைக் கடிதம் எழுதி விலக்கிக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. சிவகௌரி மாட்டேன் என்றுவிட்டார். வாங்கினவரிடம் சொல்லாமல் விலக்குவது மரியாதை இல்லையாம். ஆகவே ஒரு சனிக்கிழமை, ஒரு தட்டு உளுந்து வடையுடனும் மொழிபெயர்க்க என்னுடனும் மிஸிஸ் ஹாட்கின்ஸ் வீட்டுக்குப் போனார்.

நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. சிவகௌரி குடும்பமும் அந்த வீடுகளுக்காகக் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து மனுவை வாங்கி, அடிமட்டம் வைத்து நேராகக் கோடிழுத்து நாலு பெயரையும் வெட்டினார். கூட வந்த சிவகௌரி ஓரத்தில் ஒப்பமிட்டார். மனுவின் முதல் வரியில் இருந்த தன் பெயரை நான் பார்த்ததை மிஸிஸ் ஹாட்கின்ஸ் கவனித்துவிட்டார்.

"என்னுடையது அங்கேயே இருக்கட்டும். வடை நன்றாக இருந்தது, அந்தப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள், ஆனாலும் எனக்கு அந்தப் புல்வெளி வேண்டும்."

ஒரு வோட்டு

கவுன்சிலர்களின் குழுக்கூட்டத்தில் ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் திட்டம் தோற்றது. பார்வையாளர் பக்கம் கைதட்டியது. திருச்செல்வம் அண்ணை கடைசி வரிசையில் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தார். கூட்டக் குறிப்பில் முடிவை எழுதினேன். என்ன செய்வது, குறிப்பெடுப்பவன் குறிப்பெடுக்க வேண்டும்.

மறுநாள் சிவகௌரியிடம் சொன்னேன். இனி வேறு வீடு வரும்வரை அதே அறைதான் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழவில்லை. சின்னவனின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"இனி ஆர் வந்தாலும் முதல்லை பேப்பரை வாசிப்பன் அண்ணை, பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பன்."

என் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கவுன்சில் புல்வெளி உண்டு என்பதையும், அங்கே நோட்டீஸ் கட்ட யாரும் வந்துவிடக் கூடாதென்று அந்த வாரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லாமல் விட்டால் இதுவரை எழுதியது நியாயமாகாது.