குழாயை எடுத்த பிறகு

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் வேலையில் இருக்கும் ஒரே வசதி, பாதி நோயாளிகள் வாயில் குழாயோடு படுத்திருப்பதால் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதுதான். தென்காசியில் பதினாறு வருஷமாக இந்த வசதியை அனுபவித்து வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளே நாங்களும் அதே பயத்தோடுதான் நின்றோம் என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

பந்தல்

சிவகிரியிலிருந்து வந்தவர், ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டையா. நிமோனியா முற்றி ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஐந்தாம் நாள் நானே நம்பிக்கை இழந்து, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க" என்றுவிட்டேன். அவருடைய மச்சினர் சுறுசுறுப்பானவர். கட்டில் பக்கத்தில் நின்றபடியே போனில் பந்தல்காரரைப் பிடித்துவிட்டார். மயக்கத்தில் கிடப்பவருக்கு என்ன கேட்கப் போகிறது என்று நானும் தடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை குழாயை எடுத்தோம். மனைவி அழுகிறார், நர்சுகள் கண்ணைத் துடைக்கிறார்கள். ஏட்டையா என்னைக் கிட்டே கூப்பிட்டு, காற்றாய்ப் போன குரலில் கேட்டார்: "பந்தல் வேண்டாம்னு சொல்லியாச்சா டாக்டரே, இல்ல என் மச்சினன் இன்னும் யோசிக்கானா?"

எண்ணெய்

குற்றாலத்தில் சாரல் சீசன். ஐந்தருவியில் உடம்பு முழுக்க எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவிக்கு நடந்த மதுரைக்காரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ் கண்டக்டர். எங்களிடம் வந்து சேர்ந்த இரண்டாவது நிமிடம் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தினால் என் கை வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போகிறது. ஷாக் கொடுக்க நெஞ்சில் ஒட்டிய பட்டைகளெல்லாம் கழன்று விழுகின்றன. நர்ஸ் ஒரு போர்வையை உருவி, பாத்திரம் துலக்குவது போல அவரைத் தேய்த்துத் துடைத்தார். மூன்றாவது ஷாக்கில் துடிப்பு திரும்பியது.

நாலாம் நாள் ரவுண்ட்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். "சார், கூட வந்தவங்க எல்லாம் குளிச்சிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. எண்ணெய் தேச்ச நான் மட்டும் குளிக்கல. போற வழியில அருவியில ஒரு தடவை தலையைக் காட்டிட்டுப் போயிரவா?"

மூன்று மகன்கள்

இதயம் பலவீனமான ஜவுளிக்கடை பாய் ஒருவர். மூன்று மகன்கள், வளைகுடாவில் மூன்று ஊர்கள், ஒரே வீடியோ கால். ஒருவர் கிரியாட்டினின் எவ்வளவு என்பார், ஒருவர் மாத்திரையை மாற்றச் சொல்வார், கடைசி மகன் "வாப்பா, வாப்பா" என்று அழுவார். போனைப் பிடித்திருந்த என் கைதான் வலித்தது. பாய் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கி, ரகசியமாகச் சொன்னார்: "நான் தூங்குதேன்னு அவனுவகிட்ட சொல்லிருங்க டாக்டர்."

மூணு வாரம்

வீரகேரளம்புதூர்க்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். நுரையீரல் புற்றுநோய் எங்கெங்கோ பரவிவிட்டது. "இன்னும் எத்தனை நாளு?" என்று நேராகக் கேட்டார். "மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கலாம்" என்று இழுத்தேன். "பட்டாளத்துல பொய் சொன்னாலும் நிமிர்ந்து நின்னு சொல்லுவோம். நீங்க ஸ்டெதாஸ்கோப்பைத் திருகிக்கிட்டே சொல்லுதியளே" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மூணு வாரம்" என்றேன். அப்படியானால் வீட்டுக்குப் போகிறேன் என்றார். வலிக்கு மாத்திரை எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பித் தர அவர் மனைவி வந்தார். அழவில்லை. ஒப்படைக்க இன்னொன்றும் இருந்தது: "ஏழு வாரம் இருந்தாவ. ‘அந்த டாக்டருக்குக் கணக்கு வராது, நாலு வாரம் கூட இருந்துட்டேன்னு மறக்காம சொல்லிரு’ன்னு சொன்னாவ."

எங்களுக்கு முகக்கவசம் கொடுத்திருப்பது கிருமிக்காக மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.