வீரமுத்து குடியை விட்ட நாள்

லாரி ஸ்டாண்டில் வீரமுத்துவுக்குக் 'கலர்' என்று பேர். ஆள் நல்ல கறுப்பு. பேருக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. யார் வீட்டுக் காதுகுத்தானாலும், யாருக்குப் புது வண்டி வந்தாலும், மற்ற டிரைவர்கள் பாட்டிலைத் திறக்கும்போது இவர் மட்டும் ஒரு கலர் சோடா வாங்கி உறிஞ்சிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். பேரை வைத்தது அவரோடு லாரி ஓட்டுகிற தர்மன். அந்தத் தர்மன் வருஷத்துக்கு ஒரு தடவை கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடுவார். கயிறு சாயம் போவதற்குள் மறுபடியும் பிடித்துக்கொள்வார்.

வீரமுத்து குடிக்காததற்குப் பின்னால் பெரிய கொள்கை, சபதம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. வாலிபத்தில் ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், குமட்டிக்கொண்டு வந்தது, அத்தோடு சரி. ஆனால் நம் பக்கத்தில் குடிக்காத ஆம்பளை என்பது சும்மா இல்லை. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம்கூட இல்லாத வீட்டுப் பையனுக்கு ஜெயசித்ராவைக் கொடுத்ததே அதற்காகத்தான். "பையன் அதைத் தொட மாட்டான்" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்ட மாமனார், அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை.

அந்த ஒரு பேரை விட்டால் சொல்லிக்கொள்ள அவருக்கு என்ன இருக்கிறது? அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டுபோய் சிமெண்ட் ஆலையில் கொட்டுகிற டிப்பர் ஓட்டுகிறார். ஓட்டுகிற நேரத்தைவிட வரிசையில் நிற்கிற நேரம் அதிகம். வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். மேலே உள்ளது குளித்தால் போகும். உள்ளே போனது இருமினால்தான் வரும். ஜெயசித்ரா முந்திரி உடைக்கப் போகிறாள். கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. இதையெல்லாம் கஷ்டம் என்று இருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஒரே மகள் இலக்கியாவின் காதில் 'இல்லை' என்ற சொல் விழக்கூடாது என்பது வீரமுத்துவின் வீம்பு. இருமல் வந்தால்கூட எழுந்து வாசலுக்குப் போய் இருமிவிட்டு வருவார்.

அந்த வீம்புதான் கடைசியில் வினையாக வந்து நின்றது.

பிளஸ் டூவில் இலக்கியா நல்ல மார்க். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மார்க் மட்டும் போதாது. 'என் வாழ்க்கையில் நான் சந்தித்த சவால்' என்று இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். அவள் முதல் வகுப்பிலிருந்து தமிழ் மீடியம். மழைநீர் சேகரிப்பு, சாலைப் பாதுகாப்பு என்று எதைக் கேட்டாலும் பக்கம் பக்கமாக எழுதுவாள். உன்னைப் பற்றி எழுது என்று மட்டும் அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. எந்த கைடிலும் இல்லாத கட்டுரை. 'ஐ' என்று ஆரம்பிப்பாள், அடிப்பாள், மறுபடியும் 'ஐ' என்று ஆரம்பிப்பாள். வீரமுத்து ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்த பிறகும் அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கவே அவருக்கு அலுப்பாக வரும்.

ஒருவழியாக எழுதி முடித்ததை டைப் அடிக்க ஆண்டிமடத்தில் செந்தில்குமாரின் நெட் சென்டருக்கு மகளை பைக்கில் கூட்டிப்போனார். இந்த மாதிரிக் கட்டுரைகளை அடித்து அடித்துக் கை பழகிய ஆள் செந்தில்குமார். படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பஸ் லேட்டா வரும், இங்கிலீஷ் வராதுங்கிறதெல்லாம் ஒரு கஷ்டமா தங்கச்சி? இங்க வர்ற அத்தனை பேரும் அதைத்தான் எழுதுறாங்க. படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும். வூட்ல ஏதாவது பெருசா நடந்திருக்கும்ல, அதை எழுது."

திரும்பி வரும்போது பின்னாலிருந்து இலக்கியா கேட்டாள். "அப்பா, நம்மளுக்கு என்னப்பா கஷ்டம்?"

வீரமுத்துவுக்குச் சுருக்கென்றது. "நமக்கு என்ன பாப்பா கஷ்டம்? மூணு வேளை சாப்புடல? நல்லது பொல்லதுக்குக் குறை வச்சிருக்கனா? ஒரு கஷ்டமும் இல்லன்னு எழுது."

சொல்லிவிட்டு ஊர் வரும்வரை இருமலை அடக்கிக்கொண்டே வண்டியை ஓட்டினார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே போய் வேறொன்று எழுதி அனுப்பிவிட்டு வந்தாள். என்ன எழுதினாள் என்று அவர் கேட்கவில்லை, கேட்டாலும் இங்கிலீஷ் அவருக்குப் புரியப் போவதில்லை.

முதல் பட்டியலில் அவள் பேர் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார், அதன் பிறகுதான் சீட்டு உறுதி என்றார்கள். வீரமுத்து லீவு போட்டார். தேய்த்த சட்டை, பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலி. வெயில் ஏறும் நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மணிவண்ணன் என்பவர் வந்து இறங்கினார். தலையெல்லாம் புழுதி. நாலு ஊர் சுற்றிய களைப்பு முகத்தில் தெரிந்தது; இன்னும் பெரம்பலூர்ப் பக்கம் வேறு போக வேண்டுமாம்.

"பயப்படாதீங்க. பாப்பா எழுதினது உண்மைதானான்னு பார்க்கிறதுதான் என் வேலை. சில பேர் இஷ்டத்துக்கு எழுதிடுறாங்க. பொய்யின்னு தெரிஞ்சா அங்கேயே பேரை எடுத்துடுவோம். இவங்க கட்டுரை எங்க மேடத்தையே அழ வச்சிருச்சு" என்றார். பிறகு நாற்காலியை வீரமுத்துவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இப்பவும் குடிக்கிறீங்களா?"

"டீயா சார்? ஒரு நாளைக்கு அஞ்சாறு ஆவும்ங்க. வண்டி ஓட்டணும்ல."

"அதில்லைங்க. சரக்கு."

வீரமுத்து சிரித்துவிட்டார். நம்மைப் போயா என்று சொல்ல வாயெடுத்தவர், மகள் பக்கம் பார்த்தார். இலக்கியா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரில் எத்தனை குடிகாரன் இருக்கிறான், அவன் பிள்ளையெல்லாம் அப்பன் பேரை மறைக்கப் பாடுபடுகிறது. என் பிள்ளை எனக்கு இப்படி ஒரு பேரை வாங்கி வைத்திருக்கிறதே என்று வெறுத்துப்போனது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் பேர் நிற்கும். அவள் பேர் போய்விடும்.

டீயோடு வந்த ஜெயசித்ரா காதில் கடைசிப் பேச்சு விழுந்துவிட்டது. "யாரு, இவுங்களா? ஏங்க, என்ன இந்த சாரு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு புள்ள" என்றார் வீரமுத்து. பிறகு மணிவண்ணனைப் பார்த்து, "விட்டுட்டேங்க" என்றார்.

"அப்படியா? எப்ப விட்டீங்க?"

"போன வருசங்க. கோயில்ல கயிறு கட்டிக்கிட்டேன்." தர்மனின் கயிறு அந்த நேரத்துக்குக் கை கொடுத்தது. மணிவண்ணனின் கண் அவருடைய மணிக்கட்டுக்குப் போனது. "சுண்ணாம்புல வேலைங்களா, அறுந்துபோச்சு. ஆனா நான் மாறலங்க."

"ஆரம்பத்துல கஷ்டமா இருந்திருக்குமே?"

"கை நடுங்கும்ங்க." தர்மனுக்கு நடுங்கும். "புள்ள மொகத்தைப் பாத்துக்கிட்டே விட்டேன்."

மணிவண்ணன் ஜெயசித்ராவின் பக்கம் திரும்பினார். "குடிச்சிட்டு வந்து அடிச்சிருக்காராம்மா? பாப்பா அதை எழுதலை, நானாத்தான் கேக்கிறேன்."

ஜெயசித்ரா டீயைத் தரையில் ணங்கென்று வைத்தாள். "எங்க மேல ஒரு நாளும் கை நீட்டுனதில்லிங்க. அதை மட்டும் எழுதிக்கிட்டுப் போயிடாதீங்க."

அவர் தலையாட்டினார். எழுந்து வந்து வீரமுத்துவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "பெரிய விஷயம் பண்ணியிருக்கீங்க. யாராலயும் முடியாதது. பாப்பா வந்து சேரட்டும், பெற்றோர் கூட்டத்துல நீங்க நாலு வார்த்தை பேசணும்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்து, பெரம்பலூருக்குப் புறப்பட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜெயசித்ரா மகளைப் பிடித்துக்கொண்டாள். "கட்டையில போறவளே, பெத்த அப்பனை இப்படி எழுத ஒனக்கு எப்படிடி மனசு வந்துச்சு? எங்கப்பா காதுக்குப் போனா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"சொல்லு, அதான் விட்டுட்டாருன்னு" என்றார் வீரமுத்து. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த நாளைவிட உடம்பு அதிகமாக வலித்தது.

இலக்கியா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். "ஜெயங்கொண்டத்துல ஒரு பொண்ணு அப்பா செத்துட்டாருன்னு எழுதி சீட்டு வாங்கிடுச்சுன்னு அந்த நெட் சென்டர் அண்ணன் சொன்னாங்கப்பா. என்னையும் அப்படியே எழுதச் சொன்னாங்க. எனக்கு ஒங்கள சாகடிக்க மனசு வரல. அதான்... குடிக்கிறீங்கன்னு எழுதிட்டேன். நீங்களும் நமக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னுட்டீங்க. நான் எதைத்தான்ப்பா எழுதுவேன்?"

வீரமுத்து பதில் சொல்ல வாய் திறந்தார். இருமல் வந்துவிட்டது. வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, மகள் பார்க்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். துண்டில் வாயைத் துடைத்ததும் வெள்ளையாகப் படிந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தத் துண்டையே பார்த்தாள்.

"இங்க வா பாப்பா" என்றார். அவள் வரவில்லை.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து குடிக்காமத்தான் இருக்கேன்" என்றார். "ஒருத்தனும் ஒரு நாளும் என் கையைப் புடிச்சு நல்லா இருக்கியான்னு கேட்டதில்ல. இன்னைக்குத்தான் ஒருத்தர் கை குடுத்துட்டுப் போறாரு."