அம்மா மன்றத்தில் பேசிய மூன்று நிமிடம்

இன்று ஒஸ்லோவில் என் துப்புரவுக் கம்பெனியின் வான் வண்டி நிற்காத தெரு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பத்தாம் வகுப்போடு படிப்பும் நானும் பிரிந்துவிட்டோம், நட்டம் படிப்புக்குத்தான். பெரிய மனிதர்களுக்கு முன்னால் நடுங்காமல் பேச எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதினொரு வயதிலேயே பேசியவள் நான்.

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். தம்பிக்கு எட்டு வயது. நடக்கமாட்டான், பேசமாட்டான், சோறு ஊட்டிவிட வேண்டும். பள்ளி முடிந்த பிறகு அவனைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வரும்வரை அவன் அங்கே இருப்பான். செலவைக் குறைக்க அதை மூடப்போவதாக எங்கள் பகுதி மன்றம் அறிவித்தது. மூடினால் அம்மா வேலையை விட வேண்டும்.

ஸ்தவாங்கர் நகரில் இருந்து சித்தப்பா தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். “ஏன் அண்ணி யோசிக்கிறியள்? மூத்தவள் இருக்கிறாள்தானே. பள்ளிக்கூடம் விட்டு வந்து பாப்பாள்.”

காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவோ, “உங்கடை மகன் நீச்சலுக்குப் போறவனெல்லே, அவனை மறிச்சு இஞ்சை அனுப்புங்கோவன்” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

மன்றக் கூட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் ஊரில் யாரும் எழுந்து பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். இது இந்த நாட்டு வழக்கம். அம்மா பேசும் நோர்வேஜியன் முதியவர்களின் கட்டிலருகே செல்லும். மண்டபத்தில் செல்லாது என்று அவர் நினைத்திருந்தார். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார். கலியாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, தம்பியின் சக்கர நாற்காலியை மன்றத் தலைவியின் மேசைக்கு முன்னால் நிறுத்தி, பிரேக்கைப் போட்டார்.

“சொல்லு, இந்த ஊர்க் கிழடுகளை நான்தான் குளிப்பாட்டிறனான். நான் வீட்டிலை நிண்டா அதுகளை ஆர் குளிப்பாட்டிறது?”

சொன்னேன். கிழடுகளுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்தேன்.

நரைத்த தலை உறுப்பினர் ஒருவர், கெட்ட மனிதர் அல்ல, கனிவாகவே கேட்டார். தமிழ்க் குடும்பங்களில் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களாமே, உங்கள் வீட்டிலும் உதவிக்கு ஆள் இருக்கும்தானே என்று. கேட்கும்போது அவர் பார்த்தது என்னை.

நான் மொழிபெயர்க்கவே இல்லை. நேராகப் பதில் சொன்னேன்: நான் இருக்கிறேன், தம்பியைத் தனியாகத் தூக்குவேன், ஊட்டவும் தெரியும். மண்டபமே என்னைப் பார்த்துப் புன்னகைத்தது. நரைத்த தலைக்காரர் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு அந்த அளவுக்கு நோர்வேஜியன் விளங்கும். என் தோளைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். தானே பேசினார், வேலையிடத்தில் பொறுக்கிய உடைந்த நோர்வேஜியனில்.

“அவள் இல்லை. அவள் பிள்ளை. நீங்கள்.” மேசையில் இருந்த ஒவ்வொருவரையும் விரலால் காட்டினார். “நீங்கள். நீங்கள். நீங்களும்.”

நேரம் முடிந்தது என்றார் தலைவி. அம்மா பிரேக்கை எடுக்கவில்லை. வாக்கெடுப்பு முடியும்வரை தம்பி அங்கேயே இருந்தான். இடையிடையே அவன் குரலெடுத்துக் கத்தும்போது உறுப்பினர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தை மூடுவதில்லை என்று முடிவாயிற்று.

திரும்பும்போது ரயிலில் நான் அம்மாவின் முகம் பார்க்கவில்லை.

“என்னடி, மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?”

“நான் பாப்பன் எண்டுதானே சொன்னனான். ஏனம்மா எல்லாருக்கும் முன்னாலை தள்ளினனீங்கள்?”

“நீ ஆர் பாக்கிறதுக்கு? உன்ரை அலுவலைப் பார்.”

அன்று அம்மா தம்பிக்காக மட்டுமே சண்டை போட்டார் என்று நினைத்து, வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.